ஸ்பீக்கரில் பழுதில்லை

மழையில் விழுந்த போன்.
பில்லில் எழுதியிருந்தேன்:
கிருஷாந்தினி, டிக்கோயா. திரை மட்டும்.

திரையை மாற்றியபின் சத்தத்தையும் சோதிப்பது என் வழக்கம்.
உள்ளே கிடந்த ஏதோவொன்றைத் தட்டினேன்.
கரகரப்பு.
ஈயம் உருகும்போது வரும் சீறல்,
அதன் அடியில் எதுவோ நகர்கிற மாதிரி.
தண்ணீர் இறங்கியிருக்கிறது என்று
ஸ்பீக்கரைக் கழற்றிப் புதியது போட்டேன்.
அதே கரகரப்பு.
கொழும்பிலிருந்து வந்த பெட்டியே மோசமென்று
மொத்த வியாபாரியைத் திட்டிவிட்டு
இன்னொன்று போட்டேன்.

அப்போது ஹட்டனில் கரண்ட் போனது.
பஸ் நிலையத்து லொத்தர்க்காரரின் ஒலிபெருக்கி
கோடி என்பதில் 'கோ'வோடு நின்றது.
இருட்டில் என் கையிலிருந்தது மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
பதினோராம் நிமிடம்
கரகரப்புக்குள்ளிருந்து ஒரு கிட்டார்.
நான்கே சுரம்.
நான்காவதில் கால் வைக்கத் தயங்கி, திரும்பி,
மறுபடி ஏறி,
வைத்தது.

அது பழுதில்லை.
தகரக் கூரையில் மழை.
யாரோ அதைப் பிடித்துவைத்து
கால்வாசி வேகத்தில் ஓடவிட்டிருக்கிறார்கள்.

வாடிக்கையாளரின் போனுக்குள் பார்ப்பது தப்பு.
பார்த்தேன்.
இரண்டாவது கோப்பிலும் தப்புதான்,
தோல் சூடேறாத தப்பு,
அடிக்கு அடி அவ்வளவு இடைவெளி,
நடுவில் ஒரு கிளாஸ் பிளேன்டீ குடித்து முடிக்கலாம்.
மூன்றாவதில் கொழுந்து நிறுக்கும் குரல்:
பதினாறு, பதினாறரை, பதினாறு,
எண்கள் தேய்ந்து தேய்ந்து
அரை மட்டும் மிச்சம்,
அரை, அரை, அரை,
அதன் மேல் மாதா கோயில் ஹார்மோனியம்
அழுத்திய விரலை எடுக்கவேயில்லை.

நான்காவது சிங்கமலைச் சுரங்கம்.
ரயில் உள்ளே போகிறது.
வெளியே வருவது ரயில் இல்லை.
மூன்று கிட்டார், நொண்டுகிற ஒரு பயிலாத் தாளம்,
மேலும் மேலும் வெளிச்சம்,
நான் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தேன்,
தேசிய கீதத்துக்கு நிற்பதுபோல,
கையில் ஸ்குரூடிரைவரோடு.

ஐந்தாவது வெறும் மெட்டு. குளிக்கும்போது முணுமுணுக்கலாம்.
ஆறாவது எனக்குப் பிடிக்கவில்லை.
ஒன்பது நிமிடம் பிரஷர் குக்கர்.

எல்லாவற்றிலும் ஒருவர்கூட
வாய் திறந்து காதலிக்கவில்லை.
அதையும் கவனித்தேன்.

வியாழன் வந்தாள். பாமசிக்காரி போலிருக்கிறது,
சில்லறையை ஐந்தைந்தாக
மாத்திரை தள்ளுவதுபோல் தள்ளினாள்.
சொல்லிவிட்டேன்:
திறந்தேன், கேட்டேன், எனக்கென்று எடுத்தும் வைத்தேன்.
ஸ்பீக்கரை இரண்டு தடவை மாற்றினேன்,
அதற்குக் காசு வேண்டாம்.

கோபித்திருந்தால் எளிதாக இருந்திருக்கும்.
"எத்தனையாவது நிமிடத்தில் மாத்துனீங்க?" என்றாள்.
ஒன்றரையில் ஒன்று. நாலில் ஒன்று.
உள்ளங்கையில் பேனாவால் குறித்துக்கொண்டாள்.

இதற்கு என்ன பெயர் என்று கேட்டேன்.
"போஸ்ட்-ரொக்னு சொல்றாங்க. எனக்கும் சரியாத் தெரியாது."
போஸ்ட் என்றால் எனக்குத் தபால்தான்.
இதுவும் அப்படித்தானே வந்தது,
வேறு யாருக்கோ எழுதி
என் கையில் பிரிந்து.

ஆறாவது சரியில்லை என்றேன்.
"அது சரியாத்தான் இருக்கு" என்றாள்.
குடையை விரித்தாள். போய்விட்டாள்.

கழற்றிய நல்ல ஸ்பீக்கர் இரண்டும்
மேசை டிராயரில் கிடக்கின்றன.
ஆறாவதை இன்னொரு தடவை கேட்டேன்.
இல்லை.

இப்போதெல்லாம் யாராவது கரகரக்கிறது என்று கொண்டுவந்தால்
உடனே திறப்பதில்லை. காதில் வைத்துக் காத்திருக்கிறேன்.
நேற்று வட்டவளையிலிருந்து வந்தவர்
நாலு நிமிடம் பார்த்தார்,
போனைப் பிடுங்கிக்கொண்டு
எதிர்க் கடைக்குப் போனார்.